மணி பார்க்காத ஊர்

எந்திரங்களின் காலம் – 17

வேலையே தேவைப்படாத ஒரு காலம் வரும், மனத்திருப்திக்காக வேண்டுமானால் யாரும் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று 2023 நவம்பரில் லண்டனில் எலான் மஸ்க் சொன்னார். பக்கத்தில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக். ஒன்றும் புதுச் சரக்கில்லை. பொருளாதார மேதை கெயின்ஸ் 1930-லேயே எழுதிவிட்டார்: இன்னும் நூறு ஆண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும். மிச்ச நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதே மனிதருக்குப் பெரும்பாடாகிவிடும் என்று அவர் கவலையும் பட்டார்.

அந்த மிச்ச நேரம், அதே 1930-இல், ஆஸ்திரியாவில் ஓர் ஊர் முழுக்க வந்து இறங்கியது.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே கிராமட்நாய்சீட்ல். அதை ஒட்டி மரியந்தால். 1830-இல் அங்கே ஒரு பஞ்சாலை வந்தது. அதைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. 1929 கோடையில் நூற்புப் பிரிவை மூடினார்கள். 1930 பிப்ரவரியில் கடைசித் தறிகளும் நின்றன. மூடவைத்தது ரோபோ அல்ல, பொருளாதார மந்தம். மொத்தம் 478 குடும்பங்கள். அவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி வீடுகளில் வேலைக்குப் போக ஓர் ஆள்கூட இல்லை.

1931 கடைசியில் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக்குழு வந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் அதன் முக்கியப் புள்ளிகள். லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் ஆராய நினைத்தது தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பவுவர் கேட்க, திட்டம் மாறியது. நோட்டுப் புத்தகத்தோடு போய் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது குழுவின் விதி. பழைய துணிகளைச் சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு எடுத்தார்கள், மருத்துவ உதவி செய்தார்கள். அந்தச் சாக்கில்தான் வீடுகளுக்குள்ளும் போனார்கள்.

அவர்கள் கண்டதில் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது நூலக விஷயம். தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுக்க முன்பு காசு கட்ட வேண்டும். ஆலை மூடிய பின் அதை ரத்து செய்தார்கள். நேரமோ கொட்டிக் கிடக்கிறது. ஆனாலும் 1929-க்கும் 1931-க்கும் இடையே எடுத்துப்போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

தெருவில் நடப்பவர்களை ஆய்வாளர்கள் மறைந்திருந்து கவனித்தார்கள். ஆண்களில் மூன்றுக்கு இரண்டு பேர், கொஞ்ச தூரத்துக்குள்ளேயே இரண்டு தடவையாவது நின்றுவிட்டுப் போனார்கள். நூறு ஆண்களில் 88 பேரிடம் கடிகாரம் இல்லை. அதில் 31 பேருக்கு வீட்டில் இருந்தும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றவில்லை. ஒருவர் தன் நாளை மணிவாரியாக எழுதிக் கொடுத்தார். எட்டு மணிக்கு மேல் விறகும் தண்ணீரும் கொண்டுவருகிறார். ஒன்பதுக்கு மேல், என்ன சமைக்கட்டும் என்று மனைவி கேட்பாளே என்று வயல் பக்கம் நழுவிவிடுகிறார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒன்றுமே எழுதவில்லை.

பசியில் இருப்பவனுக்குப் புத்தகம் ஒரு கேடா என்று கேட்கலாம். நியாயம்தான். நிவாரணப் பணம் அற்பம். நாளாக ஆகக் குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றும்விடும். வறுமை செய்தது எவ்வளவு, வெறும் பொழுது செய்தது எவ்வளவு என்று மரியந்தாலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊர்ப் பெண்களைப் பாருங்கள். ஆலை வேலை அவர்களுக்கும்தான் போனது. வறுமையும் அதே வறுமை. அடுப்பும் துவைப்பும் பிள்ளைகளும் மட்டும் போகவில்லை. தெருவில் அவர்கள் ஆண்களைப் போல் அடிக்கடி நிற்காமல் நடந்தார்கள். ஆலை ஓடிய காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்து பாதி ராத்திரிவரை வீட்டு வேலை பார்த்தவர்கள்தான் அவர்கள். அப்படியிருந்தும் ஆலை திறந்தால் திரும்பிப் போவோம் என்றே பலரும் சொன்னார்கள். கூலிக்காக மட்டுமல்ல, நாலு பேரோடு இருக்கலாம் என்பதற்காகவும்.

செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறித்தால் மாதாமாதம் எல்லோருக்கும் பணம் கொடுத்துவிடலாம் என்கிற யோசனை சிலிகான் பள்ளத்தாக்கில் பலருக்குப் பிடித்தமானது. ஓப்பன்ஏஐ-யின் சாம் ஆல்ட்மன் முன்னெடுத்த சோதனையில் 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் யஹோடாவின் பட்டியலில் பணம் ஒரு பகுதிதான். பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறிய அவர், கூலியைத் தவிர வேலை தருகிறவை இவை என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, சமூகத்தில் ஓர் இடம், சும்மா இருக்க விடாத கட்டாயம். வங்கிக் கணக்கில் விழும் தொகை இவற்றில் எதைக் கொண்டுவரும்?

2020 அக்டோபரில், அதே கிராமட்நாய்சீட்லில், ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருந்த எல்லோருக்கும் விருப்பப்பட்டால் நிச்சயம் வேலை என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தச்சு வேலை, தோட்ட வேலை என்று ஊருக்குப் பயன்படும் காரியங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார ஆய்வாளர்கள் யஹோடாவின் பட்டியலை வைத்தே அதை அளந்தார்கள். நாளின் ஒழுங்கு, மனிதத் தொடர்பு, கூட்டு நோக்கம் எல்லாம் மேம்பட்டிருந்தன. உடல்நலத்தில் மாற்றம் தெரியவில்லை. ஒருவரை வேலையில்லாமல் வைத்திருக்க ஆண்டுக்கு ஆகும் செலவும், இப்படி வேலை கொடுக்க ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று திட்டத்தைத் தொடங்கியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தத் தச்சு வேலையை ரோபோ இதைவிட மலிவாகச் செய்யும் நாளில், இதே கணக்கை எப்படிப் போடுவார்கள்?

(தொடரும்)