ஏரித் தண்ணீர் மேலே வேறு, அடியில் வேறு!

போன மாதம் ஒரு அம்மா வந்திருந்தார். மூட்டு வலிக்காக என்னிடம் வழக்கமாக வருகிறவர். நாடி பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், பையன் டொராண்டோவுல இருக்கான்ல... அங்கே ஏதோ ஏரிக்குள்ள முங்கி, மூழ்கிப்போன கப்பலைப் பார்க்கப் போறானாம். தண்ணி ஐஸ் மாதிரி இருக்குமாம். உடம்புல தேய்ச்சுக்க ஒரு தைலம் குடுங்களேன், அனுப்பி வைக்கிறேன்."

நான் தைலம் கொடுக்கவில்லை. பையனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

பேசியதில் விஷயம் தெரிந்தது. தம்பி அந்தமானில் டைவிங் கற்றவர். அங்கே கடல் 28 டிகிரி. 3 மி.மீ. வெட் சூட்டே தாராளம். அதையே கனடா ஏரிக்கும் போட்டுக்கொள்ள நினைத்திருந்தார். "ஆகஸ்ட்ல தண்ணி 20 டிகிரி இருக்குமாம் அங்கிள். கொஞ்சம் குளிரும், சமாளிச்சுக்கலாம்" என்றார்.

20 டிகிரி என்பது மேல்தண்ணீர் கணக்கு. தவறு அங்கேதான்!

அவர் போகவிருந்தது ஹ்யூரான் ஏரியில் டோபர்மோரி என்ற ஊர். அங்கே 'ஃபாதம் ஃபைவ்' என்ற நீரடிப் பூங்காவை 1987-ல் அமைத்தார்கள். 1885-ல் மூழ்கிய 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே, சுமார் 6 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1884-ல் மூழ்கிய 'அரேபியா' கிடப்பதோ 30 மீட்டருக்கும் கீழே. இரண்டும் ஒரே ஏரிதான். ஆனால் உடம்புக்கு இரண்டும் வேறு வேறு ஊர்!

நல்ல தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. 4 டிகிரியில்தான் அது அதிகக் கனமாக இருக்கும். அந்தக் குளிர்ந்த தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெயில் மேலே உள்ளதை மட்டும் சூடாக்கும். இரண்டும் லேசில் கலக்காது. கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை இருக்கும். அதைத் தாண்டினால், கோடையிலும் நாலைந்து டிகிரிதான். குற்றாலத்தில் ஐந்து நிமிஷம் நின்றாலே பல் கிட்டித்துப் போகிற நமக்கு இது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். வெட் சூட் அதைத் தடுக்கிற விதம் எளிமையானது. நியோப்ரீன் ரப்பருக்குள் லட்சக்கணக்கான குட்டிக் குமிழிகள் இருக்கின்றன. அவற்றில் அடைபட்ட வாயுதான் கம்பளி மாதிரி சூட்டைக் காக்கிறது. ஆழம் போகப் போக அழுத்தம் ஏறி, குமிழி நசுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நாலு மடங்கு. அதாவது, குளிர் அதிகமாகிற இடத்தில்தான் சூட் மெலிந்துபோகிறது. பல வருஷம் உழைத்த பழைய சூட் கரையிலேயே மெலிந்திருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

பொதுவான கணக்கு இது. 24 டிகிரிக்கு மேல் 3 மி.மீ. போதும். 18 முதல் 24 வரை 5 மி.மீ. வேண்டும். 10 முதல் 18 வரை 7 மி.மீ., கூடவே தலைக்கு ஹூட், கைக்கு கிளவுஸ், காலுக்கு பூட்ஸ். 10-க்குக் கீழே உடம்பில் தண்ணீரே படாத டிரை சூட்தான் சரி. உள்ளே கனமான உடுப்பும் வேண்டும். அதை உபயோகிக்கத் தனிப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். 7 மி.மீ. மேல் 7 மி.மீ. என்று மார்பில் இரட்டையாகப் போட்டு அந்த ஏரிகளில் இறங்குகிறவர்களும் உண்டு. பழகியவர்கள், கொஞ்ச நேரத்துக்கு. புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

எந்த டிகிரியை வைத்துக் கணக்குப் போடுவது? நீங்கள் போகப்போகிற அடி ஆழத்தின் டிகிரியை! அங்குள்ள டைவிங் கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

சூட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கழுத்திலும் இடுப்பிலும் தொளதொளவென்றிருந்தால் குளிர்ந்த தண்ணீர் வந்து வந்து போகும். எத்தனை மி.மீ. போட்டும் பிரயோஜனமில்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். ஒல்லியான வாத தேகிகளுக்குக் குளிர் சீக்கிரம் ஏறும். மேலே சொன்ன கணக்கில் ஒரு படி கூட்டிக்கொள்ளட்டும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். பி.பி., இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டர் சம்மதமில்லாமல் இறங்கவே கூடாது. தண்ணீருக்குள் சிறுநீர் அதிகம் சேரும். அதற்குப் பயந்து சிலர் தண்ணீரே குடிப்பதில்லை. தப்பு! சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று. இறங்குமுன் குடியுங்கள், அடக்காதீர்கள்.

தைலம் ஏன் கூடாது? கற்பூரமும் நீலகிரித் தைலமும் தோலில் எரிச்சலைக் கொடுத்து 'சூடாக இருக்கிறது' என்று ஏமாற்றும். உள்சூட்டைக் காக்காது. குளிர் ஏறுவது தெரியாமல் போனால் அதுதான் ஆபத்து. இதற்கு லேகியமும் கிடையாது.

நடுக்கம் ஆரம்பித்தால் மேலே வரும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். விரல் விறைத்து, பட்டனை அமுக்க முடியாத வரை காத்திருக்கக் கூடாது. கரைக்கு வந்தவருக்குப் பேச்சுக் குழறுகிறது, நடுக்கமும் தானாக நின்றுவிட்டது என்றால் 'சரியாயிட்டார்' என்று விட்டுவிடாதீர்கள். உள்சூடு ரொம்ப இறங்கிவிட்ட அடையாளம் அது. உடனே ஆஸ்பத்திரி! மற்றவர்கள் ஈரத்தைக் கழற்றி, துடைத்து, கம்பளி போர்த்தி, பிளாஸ்கில் கொண்டுபோன சுக்குக் காபியைக் குடிக்கலாம். மது கூடாது. ஏறிய கையோடு கொதிக்கிற வெந்நீரில் குளிப்பதும் கூடாது.

தம்பி கேட்டுக்கொண்டார். இந்த ஆகஸ்டில் 7 மி.மீ. சூட், ஹூட், கிளவுஸோடு 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' மட்டும். டிரை சூட் பயிற்சி முடித்து, அடுத்த வருஷம் 'அரேபியா'.

அந்த அம்மாவுக்கு முழுத் திருப்தியில்லை. "அப்ப தைலம் வேண்டாமா டாக்டர்?"

"வேணும்மா. உங்க மூட்டுக்கு!"