மரவில் உருவாக்கத்தில் அரத் தெரிவு: பல்லமைப்பும் தடிமன் இழப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரே மரத்துண்டிலிருந்து வில்லை வடித்தெடுப்போர் கையாளும் மர அரங்களின் தரம், அவை மரத்தை அகற்றும் விரைவைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றது. வில்லைப் பொறுத்தவரை இம்மதிப்பீடு போதாது. அரம் மரத்தில் விட்டுச்செல்லும் கீறலின் ஆழமும் ஒழுங்கும் முதன்மையான அளவுகோலாக அமையவேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

முதன்மைச் சொற்கள்: மர அரம், பல்லமைப்பு, ஒற்றைமர வில், விறைப்பு, ஆண்டு வளையம்.

முன்னுரை

அரம் என்னும் கருவிப்பெயர் தமிழில் தொன்மையானது. திருக்குறளின் உட்பகை அதிகாரத்தில் அது உலோகத்தைத் தேய்க்கும் கருவியாகவும், பண்புடைமை அதிகாரத்தில் கூர்மைக்கு உவமையாகவும் இடம்பெறுகின்றது. உலோகத்தைத் தேய்க்கும் அரத்தில் வெட்டுகள் இடையறாத வரிகளாக ஓடும். மர அரத்திலோ ஒவ்வொரு பல்லும் முள்போல் தனித்து எழுந்து நிற்கும். வரி அரத்தை மரத்தில் ஓட்டினால் தூள் விரைவில் வரிகளை அடைத்துக்கொள்ளும். தனிப்பற்கள் தூளுக்கு இடம் விட்டு வெட்டும். தமிழில் இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதால் இவ்வேறுபாட்டை முதலிலேயே குறிப்பது தேவையாகின்றது. இங்கு ஆராயப்படுவது இரண்டாவது வகை. களம், ஐரோப்பிய அமெரிக்க ஒற்றைமர வில் மரபு.

வில்லின் தடிமனும் விறைப்பும்

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய முதுகுப்புறம் இழுவிசைக்கும், எய்பவரை நோக்கிய வயிற்றுப்புறம் அழுத்தவிசைக்கும் உள்ளாகின்றன. முதுகுப்புறத்தில் ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் முழு நீளத்திற்கும் ஓடவேண்டும் என்பது ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்களில் வில்வினைஞர் கைக்கொள்ளும் அடிப்படை விதி. வளையம் அறுபட்ட இடத்தில் நார் சிலும்பி எழுந்து வில் முறியக்கூடும். யூ மரத்திலோ வெளிப்புறச் சாற்றுக்கட்டை முதுகாகவும் உட்புற வைரக்கட்டை வயிறாகவும் அமைக்கப்படுகின்றன. 1545இல் மூழ்கி 1982இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த யூ விற்களும் இவ்வமைப்பையே காட்டுகின்றன. ஆகவே முதுகுப்புறத்தில் மர அரத்திற்கு இடமில்லை. அதன் பணி வயிற்றுப்புறம், பக்கங்கள், கைப்பிடி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றது.

வயிற்றுப்புறத்தில் நிகழும் பணியே நுட்பமானது. செவ்வக வெட்டுமுகம் கொண்ட ஒரு கரத்தின் வளைவு விறைப்பு, அகலத்திற்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமையும். 40 மி.மீ. அகலமுள்ள கரத்தில் 1 மி.மீ. அகலம் குறைந்தால் விறைப்பு 2.5 விழுக்காடு குறையும். 12 மி.மீ. தடிமனில் அதே 1 மி.மீ. குறைந்தாலோ இழப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு, அரை மி.மீ. குறைந்தாலும் 12 விழுக்காடு. அரை மி.மீ. என்பது கரடான அரம் ஒன்று சில இழுப்புகளில் எடுத்துவிடும் அளவு. இரு கரங்களிலும் ஒரே விகிதத்தில் இவ்விழப்பு நேர்ந்தால் 50 பவுண்டு இழுப்புள்ள வில் 44 பவுண்டு அளவிற்கு இறங்கும். ஓரிடத்தில் மட்டும் நேர்ந்தால் நிலை அதனினும் மோசமாகும்: வில் அவ்விடத்தில் கீல்போல் மடியும், வயிற்றுப்புற நார்கள் நசுங்கிக் குறுக்கு மடிப்புகள் தோன்றும். அகற்றிய மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க இயலாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இங்குக் கருதவேண்டியது கீறலின் அடிமட்டம். ஒரு பல் 0.3 மி.மீ. ஆழத்திற்குக் கீறினால், அதன் இரு மருங்கும் மேடாக நிற்கும் மரம் பின்னர்ச் சுரண்டி நீக்கப்படவேண்டியதே. எனவே அளவுகோல் காட்டும் தடிமன் உண்மையில் கையிலுள்ள தடிமன் அன்று. கீறலின் அடிவரை உள்ளதே உண்மைத் தடிமன். வளைவைச் சமன்செய்து முடித்தபின் கீறல்களை நீக்கும்போது வில்லின் வலு எதிர்பாராது குறைந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. கீறலை நீக்காமல் விடுவதும் தீர்வாகாது. நாருக்குக் குறுக்கே செல்லும் பள்ளத்தில் தகைவு குவியும்.

பல்லமைப்பின் இரு வகைகள்

பொறியால் ஒரே இடைவெளியில் வெட்டப்பட்ட பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் செல்கின்றன. முன்பல் உழுத சாலையைப் பின்பல் மேலும் ஆழமாக்குகின்றது. அரம் அத்தடத்திலிருந்து விலக மறுக்கின்றது. கையால் உளி நாட்டிச் சுத்தியலால் ஒவ்வொன்றாக எழுப்பப்பட்ட பற்கள் இம்மி அளவிலேனும் இடம் மாறியே அமைகின்றன. ஒரு பல் விட்டுச்சென்ற மேட்டை அடுத்த பல் வெட்டுவதால், ஒரே அளவு மரத்தை அகற்றியபோதும் பரப்பு மழுமழுப்பாக வருகின்றது. கைவினையின் ஒழுங்கின்மையே இங்கு நற்பண்பாகின்றது.

பிரான்சின் ஓரியு, லியோஜியே நிறுவனங்கள் இக்கைவினையைத் தொடர்கின்றன. அவற்றின் பல்லளவு 1 முதல் 15 வரை எண்ணிடப்படுகின்றது. எண் உயர உயரப் பல் நுண்மையாகும். பல் வரிசை சாய்ந்து அமைவதால் இடக்கையர்க்கெனத் தனி அரங்களும் செய்யப்படுகின்றன. அமெரிக்க நிறுவனமான நிக்கல்சன், பல் வரிசைகளின் இடைவெளியைப் பொறியிலேயே மாற்றி அமைத்து இக்குறையை நீக்க முயன்றது. அதன் 49ஆம் எண் அரம் கரடானது, 50ஆம் எண் அதனினும் நுண்மையானது. ஜப்பானின் ஷிண்டோ அரம் வேறு வகை. இரும்பறுக்கும் வாள் அலகுகளை வலைபோல் இணைத்துச் செய்யப்படும் அதில் தூள் இடைவெளிகளின் வழியே உதிர்ந்துவிடும். எனினும் அது தட்டையானது. கைப்பிடிக்கு அருகிலுள்ள உட்குழிவுகளில் பயன்படாது.

பணிநிலைக்கேற்ற தெரிவு

விலைமிகுந்த கைவினை அரம் ஒன்றே எல்லாப் பணிக்கும் உரியது என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று. இறுதி வடிவிற்கு மேல் சில மி.மீ. மரம் எஞ்சியிருக்கும் தொடக்க நிலையில் குதிரைக் குளம்பைத் தேய்க்கும் பழைய அரமே போதும். வில்வினைஞர் பலரும் அதையே நாடுகின்றனர். வளைவைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும் கடைசி இரண்டு மி.மீ. அளவில்தான் நுண்பல் அரம் தன் விலைக்கு ஈடுசெய்கின்றது. ஒன்று மட்டுமே வாங்க இயல்வோர், ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் அரைவட்டமாகவும் உள்ள 250 மி.மீ. அளவிலான நடுத்தர நுண்மை அரத்தைத் தேர்வது தக்கது. தட்டை முகம் கரங்களுக்கும் வட்ட முகம் கைப்பிடிக்கும் உதவும்.

வாங்கும்போது எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. வில்லுக்குரிய மரத்தின் கழிவுத்துண்டில் நாருக்குச் சாய்வாகச் சில முறை ஓட்டி, பரப்பைச் சாய்ந்த ஒளியில் நோக்கவேண்டும். கீறல்கள் ஒரே ஆழத்தில் பரவியிருந்தால் பற்கள் ஒரே உயரத்தில் உள்ளன என்பது பொருள். இடையே ஓரிரு ஆழ்கோடுகள் தனித்துத் தெரிந்தால் சில பற்கள் உயர்ந்து நிற்கின்றன. அவ்வரத்தை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அக்கோடுகள் விழுந்தே தீரும்.

நல்ல அரமும் கையாளும் முறையால் கெடும். பற்கள் முன்தள்ளும்போதே வெட்டுவதால், பின்னிழுக்கையில் அழுத்தினால் முனைகள் மழுங்கும். இருபுறச் சாய்விலும் மாறிமாறி ஓட்டுவது மேடுகளைக் குறைக்கும். பிசினுள்ள மரத்தூளை அவ்வப்போது விறைப்பான தூரிகையால் நீக்கவேண்டும். மழுங்கிய பற்களை அமிலத்தில் ஊறவைத்து ஓரளவு கூராக்குவோர் உண்டு. முறிந்த பற்களுக்கு அம்முறை பயன்தராது. வில் முழு இழுப்பின் பாதியை எட்டி, இரு கரங்களும் ஒத்து வளையத் தொடங்கியதும் அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டை எடுப்பதே முறை. அதற்குமேல் வேண்டிய திருத்தம் மிக நுண்ணிய பல்லின் ஆழத்தைவிடவும் குறைவானது.