வெனிசு நகரைச் சுற்றிப் பார்த்தல்

வெனிசு, இத்தாலியின் வடகிழக்கில் ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய ஆழமற்ற காயலின் நடுவே அமைந்த நகரம். வெனெத்தோ மாநிலத்தின் தலைநகரம் இதுவே. 118 சிறு தீவுகளை 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இணைக்கின்றன. பல நூற்றாண்டுகள் தனிக் குடியரசாக விளங்கிய இந்நகரம் 1797-இல் நெப்போலியனிடம் வீழ்ந்தது. 1987-இல் நகரமும் காயலும் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, வெனிசு நகர வணிகரே.

வந்து சேரும் வழிகள்

1846-இல் தொடர்வண்டிப் பாலமும் 1933-இல் சாலைப் பாலமும் வெனிசைப் பெருநிலத்துடன் இணைத்தன. தொடர்வண்டியில் வருவோர் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையத்தின் வாசற்படியில் இறங்கினாலே பெருங்கால்வாய் தெரியும். பேருந்து, மகிழுந்து ஆகியவை பியாத்சாலே ரோமா என்ற இடம் வரை மட்டுமே வரும். அதற்கு அப்பால் எந்த ஊர்தியும் செல்லாது. மிதிவண்டிக்கும் அனுமதி இல்லை. மார்க்கோ போலோ வானூர்தி நிலையத்திலிருந்து பேருந்திலும் படகிலும் வரலாம்.

மெசுத்ரே என்பது பெருநிலத்தில் உள்ள பகுதி. தொடர்வண்டியில் வருவோர் சிலர் அதையே வெனிசு என்று எண்ணி இறங்கிவிடுவது உண்டு. சாந்தா லூச்சியா அதற்கு அப்பால் உள்ள கடைசி நிலையம்.

நடையும் முகவரியும்

நகரைப் பார்க்கச் சிறந்த வழி நடைதான். தொடர்வண்டி நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு ஏறத்தாழ 40 நிமிடங்களில் நடந்துவிடலாம். ஆனால், பெரும்பாலான பாலங்கள் படிக்கட்டு உடையவை. எனவே பெரிய பெட்டிகளை இழுத்துச் செல்வதும், சக்கர நாற்காலியில் செல்வதும் கடினம். முதியோர் தங்குமிடத்தைத் தெரிவு செய்யும்போது, படகுத் துறைக்கும் விடுதிக்கும் இடையில் எத்தனை பாலங்கள் உள்ளன என்று கேட்டறிவது நல்லது.

நகரம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரம் முழுவதும் தொடர்ந்து செல்கின்றன. காசுத்தெல்லோ வட்டாரத்தில் இவ்வெண் 6,000-ஐத் தாண்டும். ஆகவே, வட்டாரப் பெயரும் எண்ணும் மட்டும் தெரிந்தால் வீட்டைக் கண்டுபிடிப்பது அரிது. தெருப்பெயரையும் அருகிலுள்ள படகுத் துறையையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில சொற்கள் வழி காண உதவும்:

- கால்லே: தெரு அல்லது சந்து
- காம்போ: சதுக்கம்
- ரியோ: சிறு கால்வாய்
- ஃபோந்தமெந்தா: கால்வாய்க் கரையோரப் பாதை

வழி தவறினால், சுவர்களில் உள்ள மஞ்சள் பலகைகளைப் பின்பற்றி ரியால்தோ அல்லது சான் மார்க்கோவை அடையலாம்.

நீர்ப் போக்குவரத்து

வாப்பரெத்தோ எனப்படும் நீர்ப்பேருந்துதான் நகரின் பொதுப் போக்குவரத்து. ஏறத்தாழ 3.8 கி.மீ. நீளமுள்ள பெருங்கால்வாயின் இரு கரைகளிலும் உள்ள மாளிகைகளைக் காண, துறைதோறும் நின்று செல்லும் 1-ஆம் எண் படகு ஏற்றது. 2025 நிலவரப்படி, 75 நிமிடங்கள் செல்லுபடியாகும் ஒற்றைச் சீட்டின் விலை 9.50 யூரோ. பலமுறை ஏறி இறங்குவோருக்கு நாள் கணக்கிலான சீட்டுகள் சிக்கனமானவை. ஏறும் முன் துறையில் உள்ள கருவியில் சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

கோண்டோலா இன்று பெரும்பாலும் உல்லாசப் படகு. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள இப்படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சற்று அகன்றது. ஒற்றைத் துடுப்பால் செலுத்தும்போது படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடாமல் நேராகச் செல்ல இவ்வமைப்பு உதவுகிறது. நகராட்சி விதித்த கட்டணம் பகலில் 30 நிமிடங்களுக்கு 90 யூரோ; இது தலைக்கு அல்ல, படகுக்கு. குறைந்த செலவில் கோண்டோலா வகைப் படகில் ஏற விரும்புவோர், பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க உதவும் திராகெத்தோ என்ற பரிசலில் சில யூரோ கொடுத்துச் செல்லலாம்.

முக்கிய இடங்கள்

சான் மார்க்கோ பேராலயம் பொன்னிறப் பதிகல் ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது. அதன் மணிக்கோபுரம் 1902-இல் இடிந்து விழுந்தது. 1912-இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. ரியால்தோ கற்பாலம் 1591-இல் நிறைவுற்றது. முரானோ தீவு கண்ணாடித் தொழிலுக்கும், புரானோ தீவு பின்னல் சரிகைக்கும் வண்ண வீடுகளுக்கும் புகழ்பெற்றவை. இரண்டுக்கும் நீர்ப்பேருந்து உண்டு.

உயர்நீர்க் காலம்

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏற்றத்துடன் தென்கிழக்குக் காற்றும் சேரும்போது நகருக்குள் நீர் புகும். 1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் 194 செ.மீ. அளவையும், 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. அளவையும் தொட்டது. காயலின் மூன்று வாயில்களிலும் பொருத்தப்பட்ட 78 தடுப்புக் கதவுகள் 2020 அக்டோபரில் முதன்முறையாக வெள்ளத்தைத் தடுத்தன. எனினும், நீர் 110 செ.மீ. அளவை எட்டும் என்ற முன்கணிப்பு இருந்தால்தான் இவை பொதுவாக உயர்த்தப்படும். தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் அதைவிடக் குறைந்த நீர்மட்டத்திலேயே நீர் தேங்கும். அந்நாள்களில் மக்கள் நடக்க உயரமான பலகைப் பாதைகள் போடப்படுகின்றன.

நகர மக்களும் பயணிகளும்

1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் இன்று 50,000-க்கும் குறைவானோரே உள்ளனர். வீடுகள் பயணியர் விடுதிகளாக மாறி வாடகை உயர்ந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2021 ஆகத்து முதல் பெரிய உல்லாசக் கப்பல்கள் சான் மார்க்கோ முன்பாகச் செல்லத் தடை உள்ளது. 2024 ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாள்களில், இரவு தங்காமல் வந்து செல்வோரிடம் நுழைவுக் கட்டணம் பெறப்படுகிறது. 2025-இல் முன்னதாகப் பதிவு செய்தோருக்கு 5 யூரோவும், கடைசி நேரத்தில் பதிவு செய்தோருக்கு 10 யூரோவும் பெறப்பட்டன. 14 வயதுக்குக் குறைந்தோருக்குக் கட்டணம் இல்லை. நாள்களும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், புறப்படும் முன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

கால்வாயில் குளிப்பது, புறாக்களுக்கு இரை போடுவது, சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் அமர்ந்து உண்பது ஆகியவற்றுக்குத் தண்டம் உண்டு. குறுகிய சந்துகளில் வலப்பக்கமாக ஒதுங்கி நடப்பதும், பாலங்களின் நடுவே நிற்காமல் இருப்பதும் உள்ளூர் மக்கள் எதிர்பார்க்கும் நடைமுறை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல அவர்களுக்கும் இதே பாலங்களும் இதே படகுகளும்தான் உள்ளன. ஓரிரு இரவுகள் தங்கி, பகல் கூட்டம் கலைந்த பின் நடந்து பார்ப்பவருக்கு நகரம் அமைதியாகக் காணக் கிடைக்கும். நகரின் சுமையும் ஓரளவு குறையும்.