கிழட்டு ஜீப்பு வாங்கப் போறியளா அண்ணாச்சி?

குமரி மாவட்டத்தில் பழைய ஜீப் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், ‘‘வண்டி எப்படி ஓடுது?’’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏறப்போன மனுஷன் இறங்கி வந்து, பானெட்டைத் திறந்து காட்டி, டீயும் வாங்கிக் கொடுத்து, முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் விடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைக்கூட அவ்வளவு விலாவாரியாகச் சொல்லமாட்டார்!

பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் பூகோளம் அப்படி. காலையில் குளச்சலில் உப்புக்காற்று வாங்கிய வண்டி, மத்தியானம் கீரிப்பாறை தாண்டி மலை ஏறியாக வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு... இரண்டிலும் நனைய வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் கணவாய்க் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். பாலமோர், மாறாமலைத் தோட்டங்களுக்கு ஏறும் தடத்தை ‘ரோடு’ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்!

2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கன்னியாகுமரி கிராம்பு அந்த மாறாமலைப் பக்கத்துச் சரக்கு. அது கீழே இறங்க வண்டி வேண்டும். அதைவிட முக்கியம், மேலே குடியிருக்கும் தொழிலாளி வீட்டில் நடுராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலி என்றால், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடவேண்டியதும் அப்படி ஒரு வண்டிதான். ‘நம்பி ஏறலாமா?’ என்ற கேள்விக்கு மலையில் அர்த்தமே வேறு.

அதனால்தான் இங்கே விவரமானவர்கள், ‘‘வண்டி கெட்டுப் போகுமா?’’ என்று கேட்பதில்லை. பழைய வண்டி என்றால் கெட்டுத்தான் போகும். ‘‘எப்படிக் கெட்டுப் போகும்?’’ என்றுதான் கேட்பார்கள். சொல்லிவிட்டுக் கெடுமா, சொல்லாமல் கெடுமா? விஷயமே அதில்தான் இருக்கிறது.

மஹிந்திரா எம்.எம்.540-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 2.1 லிட்டர் பெஜோ டீசல் இன்ஜின். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்ஸாரும் கிடையாது. காற்று, டீசல், அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தால் ஓடும்; ஒன்று குறைந்தால் ஓடாது. டீசல் லைனில் காற்று புகுந்து நின்றுவிட்டதா? ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றதும் ஸ்குரூவை முடுக்கிவிட்டு சாவியைத் திருப்பவேண்டியதுதான். கையில் ஒரு ஸ்பானர் போதும். பாட்டரி செத்துவிட்டதா? அதற்குத்தான் வண்டியை ராத்திரி சரிவில் நிறுத்துவது. தள்ளிவிட்டு செகண்ட் கியரில் கிளட்ச்சை விட்டால் முழித்துக்கொள்ளும். மலைநாட்டில் இறக்கத்துக்கா பஞ்சம்!

சாகப்போவதையும் இது முன்கூட்டியே புகை விட்டுச் சொல்லிவிடும். கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இல்லாவிட்டால் இன்ஜெக்டர் சரியில்லை. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணியும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும். இந்தப் புகை ஜோசியத்தில் மலைநாட்டு மெக்கானிக்குகள் கில்லாடிகள். வண்டி வளைவில் திரும்புவதற்கு முன்பே, ‘‘சவத்துக்கு ரிங்கு போச்சு மக்கா!’’ என்பார்கள்.

ஆனால், அந்த ஜீப்பில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் நம் இடுப்பு ரிங்கும் போய்விடும் என்பது வேறு விஷயம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் 1994-ல் வந்த டாடா சுமோவுக்கும், 2000-ல் வந்த பொலேரோவுக்கும் மாறினார்கள். முதல் பொலேரோக்களில் இருந்ததும் அதே பெஜோ வம்சத்து டீசல் இன்ஜின்தான், 2.5 லிட்டர். ஜீப் பார்த்த கை அதையும் பார்த்துவிடும். அதே 2000-ல் வந்து 2005-ல் விடைபெற்ற குவாலிஸுக்கு இன்றைக்கும் ஒரு பக்தர் கூட்டம் உண்டு. ‘‘நம்மளைவிட அதுக்கு ஆயுசு ஜாஸ்தி வே!’’ என்பார்கள். நல்ல வண்டிதான். ஆனால், அதன் டீசல் இன்ஜினில் ஒரு டைமிங் பெல்ட் இருக்கிறது. லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றியே ஆகவேண்டும். ரப்பர் பெல்ட், சத்தம் போடாது, புகை விடாது. ஒருநாள் படீரென்று அறுந்தால் வால்வு அடிபட்டு, இன்ஜினையே இறக்கவேண்டிவரும். பெல்ட் மாற்றிய பில் இல்லாத குவாலிஸை வாங்கினால், வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்த தலைமுறை ‘காமன் ரெயில்’ டீசல்கள். இழுவை பிரமாதம், புகை குறைவு, ஏ.சி. ஜில்லென்று இருக்கும். ஆனால், பதினைந்து வருஷம் மழையில் ஊறிய ஒயரிங்கில் ஒரு சென்ஸார் மக்கர் செய்தால் போதும், மேலே சொன்ன ஸ்பானர் வித்தை எதுவும் பலிக்காது. நோயைக் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அது சரி. பேச்சிப்பாறைக்கு மேலே, போன் சிக்னலே போராடும் இடத்தில் ஸ்கேனருக்கு எங்கே போவது? டவுனோடு நிற்பவருக்கு இது நல்ல வண்டி. தினமும் மலையேறுகிறவருக்கு என் ஓட்டு பழைய பெஜோவுக்கே!

இன்ஜின் கதை இருக்கட்டும். குமரியில் பழைய வண்டியைக் கொல்வது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, துரு. இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டிவிடலாம். ஓட்டை விழுந்த சேஸியை என்ன செய்வது? மீன் ஏற்றிய வண்டியில் ஐஸும் உப்புத்தண்ணியும் சேர்ந்து வழிந்து பின்பக்க மூலைகளைத் தின்றிருக்கும். ரப்பர் தோட்டத்து வண்டி என்றால் இன்னொரு கூத்து. பாலை உறையவைக்க பார்மிக் ஆசிட் கொண்டுபோவார்கள். கேன் ஒரு தடவை கவிழ்ந்திருந்தாலும் தளத் தகடு பல்லிளிக்கும்.

ஆகவே, பழசு வாங்கப் போகிறவர் பளபள பெயிண்ட்டைப் பார்த்து மயங்காமல் மிதியடியைத் தூக்கிப் பார்க்கவேண்டும். குனிந்து, ஸ்பிரிங் பட்டை சேஸியோடு சேரும் இடங்களில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கவேண்டும். ‘டங்’ என்றால் கொள்ளாம். ‘பொத்’ என்றால் அப்படியே பைய எழுந்து, ‘‘ஒரு சோலி இருக்கு, பொறவு வாறேன்’’ என்று நடையைக் கட்டிவிடலாம்! 2021 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியோ என்று சந்தேகம் வந்தால், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மீட்டரை மட்டும் நம்பவேண்டாம். இருபது வருஷ வண்டி அறுபதாயிரம் காட்டும். கேட்டால், ‘‘கோயிலுக்குப் போறதுக்கு மட்டும்தான் எடுப்போம்’’ என்று பதில் வரும். பிரேக், கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், அவர் போன கோயில் காசியில் இருக்கிறது என்று அர்த்தம்! காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்வது நல்லது. ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், பச்சை இன்ஜினில் அது எப்படி முழிக்கிறது என்பதை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்றுதானே பொருள்?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் கே.எல். வண்டி விலை சல்லிசாகத் தெரியும். என்.ஓ.சி., இங்கே கட்டவேண்டிய வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். இன்ஜின் மாற்றிய ஜீப் என்றால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது ரொம்ப அவசியம்.

பதினைந்து வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் அதுவும் 10,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. ‘‘நமக்கு ஒரு செக்கப்புன்னா ஆஸ்பத்திரியிலே இதைவிடக் கூட வாங்குதான்!’’ என்று முனகிக்கொண்டேதான் கட்டுகிறார்கள்.

பணம் கட்டினால் மட்டும் போதாது, சேஸி நம்பர் கண்ணுக்குத் தெரியவேண்டும். கடலோரத்து ஜீப்புகளில் அதையும் துரு மூடியிருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவதற்கு முதல் நாள், ஒரு கையில் மண்ணெண்ணெய்த் துணியும் இன்னொரு கையில் உப்புத்தாளுமாக வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரைப் பார்த்தால் தொந்தரவு செய்யாதீர்கள். கடைசி இரண்டு எண்ணும் தெரிந்துவிட்டால், இன்னும் ஐந்து வருஷம் மலையேறலாம்.