‘பாஸ்’ என்று வாயால் சொன்னால் போதுமா?

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளில் உட்கார்ந்துகொண்டு டீ கேட்பது கொஞ்சம் தெனாவட்டுதான். மாட்டுங்கா ஃபில்டர் காபிக்குப் பேர்போன இடம். ஆனால் எதிரே இருக்கும் பையன் தாராவிக்காரன். கட்டிங் சாய் தவிர வேறெதுவும் அவன் தொண்டையில் இறங்காது. நடைபாதைக் கடையில் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கிக்கொண்டோம். அவன் மடியில் லேப்டாப்.

“அண்ணே, கூகுள் லாகின் போட்டாச்சு. ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு.”

ஒரே நாள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. மெஸ்களுக்கு மாதக் கணக்கு எழுதும் ஆப் அவனுடையது. யார் எத்தனை வேளை சாப்பிட்டார், பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். சாப்பிட வருகிறவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு மெஸ்காரரைத் திட்டுகிறார்கள், மெஸ்காரர் இவனைத் திட்டுகிறார். அதனால்தான் ‘கூகுள் மூலம் நுழைக’ என்று ஒரு பட்டன். அந்த முடிவு சரி. பாஸ்வேர்டையே வாங்கி வைக்காதவனிடம் பாஸ்வேர்டு திருடுபோகாது.

“கூகுள் கொடுக்கிறதை உன் சர்வர்ல பதில் சொல்ற ஏபிஐக்கு எப்படி அனுப்புறே?”

“பட்டனை அமுக்கினா ஆப்புக்கு ஈமெயில் வந்திருது. அதை ஏபிஐக்கு அனுப்புறேன். ஏபிஐ அந்த ஈமெயிலைத் தேடிப் பார்த்து உள்ளே விட்டிரும்.”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அவனுடைய ஈமெயிலைப் போட்டு ஒரே ஒரு வரி எழுதி ஏபிஐக்கு அனுப்பினேன். கூகுள் பக்கமே போகவில்லை, பட்டனைத் தொடவும் இல்லை. அடுத்த நொடி அவன் கணக்கு முழுசாகத் திரையில் வந்து நின்றது. பையன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

மும்பையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கப் பெரிய உதாரணம் தேவையில்லை. லோக்கல் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால், பாதிப் பேர் பையைத் திறக்காமலே ‘பாஸ்’ என்று வாயால் சொல்வார்கள். அசந்த பரிசோதகர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இவன் ஏபிஐ அந்த அசந்த பரிசோதகர். ‘நான் இன்னார்’ என்று சொன்னால் போதும், நம்பிவிடும்.

கறாரான பரிசோதகர் என்ன செய்வார்? பாஸை வாங்கிப் பார்ப்பார். ரயில்வே கொடுத்ததா, பெஸ்ட் பஸ் பாஸா? அசலா, போலியா? எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை? தேதி முடிந்துவிட்டதா? கடைசியாக, அதில் எழுதியிருக்கும் அடையாள அட்டையின் எண்ணும் அட்டையில் இருக்கும் முகமும் இந்த ஆளுடையதா?

கூகுள் லாகினிலும் இதே கேள்விகள்தான். பட்டனை அமுக்கி முடித்ததும் ஈமெயில் மட்டும் வருவதில்லை. ஐடி டோக்கன் என்ற நீளமான எழுத்துச் சரம் ஒன்றும் வருகிறது. இரண்டு புள்ளிகளால் பிரித்த மூன்று துண்டுகள். நடுத்துண்டில் ஆளின் விவரம் இருக்கும். அது ரகசியமில்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். மூன்றாவது துண்டு கூகுளின் கையெழுத்து. நடுத்துண்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. ஆப் அனுப்ப வேண்டியது இந்த டோக்கனை. ஏபிஐ முதலில் கூகுள் வெளியிட்டிருக்கும் பொதுச் சாவிகளை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சாவிகள் அவ்வப்போது மாறும். அதனால் இதைக் கையால் எழுதாமல் கூகுளே தரும் லைப்ரரியிடம் விட்டுவிடுவது நல்லது. பிறகு, டோக்கனைக் கொடுத்தது கூகுள்தானா என்று இஷ்யூயரைப் பார்க்க வேண்டும், எக்ஸ்பைரியைப் பார்க்க வேண்டும். கூகுளின் ஐடி டோக்கனுக்கு ஆயுள் ஒரு மணி நேரம்.

“அவ்வளவுதானே அண்ணே?”

அங்கேதான் பலரும் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஸ்டேஷன் பெயர். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து சிஎஸ்எம்டிக்கு எடுத்த பாஸ் அசல்தான், தேதியும் இருக்கிறது, முகமும் என்னுடையதுதான். அதை வைத்துக்கொண்டு போரிவலியில் போய் இறங்கினால் அபராதம். டோக்கனில் இதற்கு ஆடியன்ஸ் என்று பெயர். எந்த ஆப்புக்காக இந்த டோக்கன் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் இடம் அது. ஏதோ ஒரு விளையாட்டு ஆப்பில் நீங்கள் கூகுள் மூலம் நுழைகிறீர்கள். அந்த ஆப்காரன் கையில் உங்கள் பெயரில் ஓர் அசல் டோக்கன் இருக்கிறது. அவன் அதை மெஸ் ஏபிஐயிடம் நீட்டுகிறான். கையெழுத்து சரி, தேதி சரி. ஆடியன்ஸைப் பார்க்காத ஏபிஐ கதவைத் திறந்துவிடும்.

இது கற்பனை இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2015-இல் ஃபேஸ்புக்கில் இதே ஜாதி ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். போனிலிருக்கும் படங்களைத் தானாக மேலேற்றி, வேறு யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கும் வசதி ஒன்று அப்போது அங்கே இருந்தது. அந்தப் படங்களைக் கொடுக்கும் ஏபிஐ, டோக்கன் யாருடையது என்று மட்டும் பார்த்தது. எந்த ஆப் கேட்கிறது என்று பார்க்கவில்லை. படங்களைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுத்த எந்த ஆப்பும் அந்தரங்கப் படங்களையும் அள்ளிக்கொள்ளலாம் என்ற நிலை. ஃபேஸ்புக் அதைச் சரிசெய்து அவருக்கு 10,000 டாலர் பரிசு கொடுத்தது.

மூன்று வருடம் கழித்து, 2018-இல், டேட்டிங் ஆப்பான டிண்டர். ஃபேஸ்புக்கின் அக்கவுன்ட் கிட் மூலம் போன் நம்பரை வைத்து நுழையும் வசதி அதில் இருந்தது. வந்த டோக்கன் தனக்காகக் கொடுத்ததா என்று டிண்டரின் ஏபிஐ பார்க்கவில்லை. அக்கவுன்ட் கிட்டிலேயே இன்னொரு ஓட்டை. இரண்டும் சேர்ந்தபோது, ஒருவரின் போன் நம்பர் தெரிந்தால் அவர் கணக்குக்குள் போய்விடலாம் என்றாகிவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆனந்த் பிரகாஷ். அத்தனை பெரிய நிறுவனங்களே அசந்த இடம் இது.

ஏன் எல்லோரும் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள்? 2012 அக்டோபரில் வெளியான ஓஆத் 2.0 என்ற விதிமுறை, ஆள் யாரென்று சொல்வதற்காக எழுதப்பட்டதில்லை. ‘என் படங்களை இந்த ஆப் எடுத்துக்கொள்ளட்டும்’ என்று அனுமதி கொடுப்பதற்காக எழுதியது. அதில் கிடைக்கும் ஆக்ஸஸ் டோக்கன் சாப்பாட்டுக் கூப்பன் மாதிரி, கையில் வைத்திருப்பவனுக்கு இலை போடுவார்கள். ஆளை அடையாளம் காட்ட, ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற மேல்தளத்தை 2014 பிப்ரவரியில் அதன்மேல் கட்டினார்கள். ஐடி டோக்கன் வந்தது அதோடுதான். கூப்பனை அடையாள அட்டை என்று நினைத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும்.

இரண்டாவது கட்டிங் வந்தது.

“சரி, டோக்கன் சரியா இருக்கு. அப்புறம் ஈமெயிலை வெச்சு ஆளைத் தேடலாம்ல?”

வேண்டாம். ஈமெயில் மாறும். ஃபேஸ்புக் சில சமயம் ஈமெயிலே கொடுக்காது. ஆப்பிளில் ஈமெயிலை மறைக்கச் சொன்னால் வேறொரு இடைமுகவரிதான் வரும். ஐடி டோக்கனில் சப் என்று ஓர் எண் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு கூகுள் கொடுத்த நிரந்தர எண், இன்னொருவருக்குத் திரும்பக் கொடுக்கப்படாது. இஷ்யூயரையும் சப்பையும் சேர்த்து உன் பதிவேட்டில் எழுதிவை. அதே ஈமெயிலில் ஏற்கெனவே பாஸ்வேர்டு கணக்கு இருந்தால், கேட்காமல் இரண்டையும் முடிச்சுப் போடாதே. பழைய பாஸ்வேர்டை ஒருமுறை கேட்டுச் சேர். யாரோ ஒருவன் உன் ஈமெயிலைக் கொடுத்து முன்கூட்டியே கணக்குத் தொடங்கி வைத்திருக்கலாம். நீ வந்து சேர்ந்ததும் அவனும் உள்ளேயே இருப்பான்.

எல்லாம் சரியென்றால், அந்த நொடியோடு கூகுளின் வேலை முடிந்தது. ஏபிஐ தன் சொந்த டோக்கனைக் கொடுக்க வேண்டும். அடுத்த கோரிக்கையிலிருந்து அதுதான் செல்லும். யாரை உள்ளே வைத்திருப்பது, எப்போது வெளியேற்றுவது என்பதெல்லாம் மெஸ்காரர் முடிவு, கூகுளின் முடிவில்லை. வாசலும் ஒன்றோடு நிற்கக் கூடாது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் பல மணி நேரம் படுத்துவிட்டபோது, ஃபேஸ்புக் பட்டனை மட்டும் நம்பியவர்கள் வேறு தளங்களுக்குள்ளும் போக முடியாமல் நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு, அதே கடை. பையன் கேட்காமலே லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். போன வாரம் எழுதிய அதே வரியை அனுப்பினேன். ‘உள்ளே விட முடியாது’ என்று பதில்: 401. பிறகு, அவனுக்குச் சொல்லாமல், என் பழைய ஆப் ஒன்றில் கூகுள் மூலம் நுழைந்து, அசல் டோக்கனை எடுத்து அனுப்பினேன். கையெழுத்து சரி, தேதி சரி, ஆளும் நான்தான்.

401.

“போரிவலி பாஸ்தானே அண்ணே?” என்றான். அன்றைக்கு டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.