முன்கண்ணாடியில் மூட்டமா? மோட்டரைப் பாருங்கள்

இறக்குவானையில் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். மழை நேரத்தில் தெனியாய வீதியில் புலுத்தொட்ட வளைவுகளில் ஏறிப் பார்க்கச் சொல்வேன். நனைந்த உடுப்போடு நாலு பேர் மூச்சு விட்டால் போதும். அந்த ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து பாதையே மறைந்துவிடும். என்ஜின் சுடுதண்ணீரால் சூடான காற்றைக் கண்ணாடிக்கு ஊதித் தள்ளுவது ஒரு சின்ன மோட்டர்தான். அது நின்றுபோன கார்களை ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். எதிரே கொழுந்து லொறி வரும் பாதையில் அது உயிரோடு விளையாடுவது. அதனால், வயரிங் வேலைக்கு என்னிடம் எந்தப் பழைய கொரோலா வந்தாலும் முதலில் அந்தச் சுவிட்சைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இப்போதும் புதுக் கார் விலை எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு எட்டாது. இருப்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

உச்ச வேகத்தில் மட்டும் காற்று வந்தால் மோட்டர் நல்லது, ரெசிஸ்டர்தான் எரிந்திருக்கும். அந்த வேகத்துக்கு மட்டும் மின்சாரம் ரெசிஸ்டருக்குள் போகாமல் நேரே போகிறது. எதிலுமே ஓடாவிட்டால் பியூஸ், பிறகு எர்த் வயர். இரண்டும் சரியென்றால் பிளக்கைக் கழற்றி, பியூஸ் போட்ட வயரால் பெட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுக்க வேண்டும். சுற்றினால் கோளாறு வயரிங்கில். தட்டினால் மட்டும் ஓடுகிறதா? காபன் பிரஷ் தேய்ந்திருக்கும். பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதென்று பெரிய பியூஸ் போடவே கூடாது. இறுகிய மோட்டர் அதிக மின்சாரம் இழுத்து வயரையே எரித்துவிடும்.

பெரும்பாலான கார்களில் மோட்டர் இடப்பக்கம், டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சில ஸ்க்ரூக்கள்தான். இறக்கினால் சருகும் கொட்டும். கண்ணாடிக்குக் கீழுள்ள துளைகள் வழியாக வந்தவை. பிரஷ் உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தால் நைசான சாண்ட் பேப்பரால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள காடிகளைச் சுத்தம் செய்வேன். அளவான பிரஷ் கிடைக்காவிட்டால் பெரியதை அராவிப் பொருத்தலாம். கீச்சிட்டால் புஷ் காய்ந்திருக்கிறது. அந்த வெண்கலம் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் வகை. ஒன்றிரண்டு சொட்டு போதும். அள்ளி ஊற்றினால் பிரஷ் தூளோடு குழைந்து சேறாகிவிடும். புஷ்ஷே தேய்ந்து தண்டு ஆடினால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய மோட்டர் தேடுவதுதான் வழி.

பூட்டியதும் காற்று பலவீனமாக வந்தால் வயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். காற்று சரியாக வந்ததும் வெளிக்காற்று வரும் பக்கம் லீவரைத் தள்ளிவையுங்கள். அப்படியும் மூட்டம் கலையாமல், கார்ப்பெட் ஈரமாகித் தித்திப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. மோட்டரைத் திரும்பக் கழற்ற வேண்டாம்.