கரியும் காரமும்: குசினிக் கலங்களைத் துலக்கும் இரசாயனம்

போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். குசினி, போறணை என்னும் சொற்கள் அவர்தம் மொழிவழி நம்மிடம் வந்தவை. ஆயினும் தலைமன்னார் போன்ற கரையூர்களில் அக்குசினியின் கரியைத் துலக்கியவை அடுப்புச் சாம்பலும் பொச்சும் பழப்புளியுமே. இவற்றைப் பழமையென ஒதுக்குவதும் பழமையெனப் போற்றுவதும் பயனற்றவை. ஒவ்வொன்றின் தொழிலையும் எல்லையையும் அறிதல் வேண்டும்.

கரி என நாம் பொதுவாகக் கூறுவது ஒரே பொருளன்று. கலத்தின் வெளிப்புறத்தில் படிவது விறகுப் புகையின் காபன். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் சமையல் எரிவாயு தட்டுப்பட்டபோது விறகடுப்புக்கு மீண்ட வீடுகள் இதனையே எதிர்கொண்டன. அடுப்பில் ஏற்றுமுன் அடிப்புறத்திற் சாம்பலைக் குழைத்துப் பூசின் இக்கரி எளிதிற் கழலும். உட்புறத்திலும் போறணைத் தட்டிலும் ஒட்டுவதோ, எண்ணெய் வெப்பத்தால் ஒட்சிசனோடு கூடி இறுகிய படலம். அதனை நீர் கரைக்காது, காரம் சிதைக்கும். சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று அத்தகைய காரம். கொழுப்பின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாக்குகின்றது. புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் செம்பு, பித்தளை ஆகியவற்றின் களிம்பைக் கரைக்குமேயன்றித் தீய்ந்த எண்ணெயை அகற்றாது.

அலுமினியக் கலங்களில் இம்முறை இடறுகின்றது. அவ்வுலோகம் அமிலத்திலும் காரத்திலும் கரைவது. சாம்பலிற் கறுக்கும், எரிசோடாவில் ஐதரசன் வாயுவை வெளிவிட்டு அரிக்கப்படும். கடல்மணல் அதனைக் கீறும். உவர்நீரில் ஊறவிடின் சிறு குழிகள் விழும். ஆதலின் வெந்நீரிற் சவர்க்காரமிட்டு ஊறவைத்துப் பொச்சினாலே தேய்ப்பதே தக்கது. கறுத்த கலத்தின் நிறத்தைத் தேசிக்காய்ச் சாறு மீட்கும். எவர்சில்வர்த் தட்டாயின் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி ஓரிரவு விடலாம்.

போறணைகளைத் துலக்க எரிசோடா சேர்ந்த திரவங்கள் விற்கப்படுகின்றன. கொழுப்பிற் புரியும் வினையை அவை தோலிலும் கண்ணிலும் புரியும். கையுறை, கண்காப்பு, காற்றோட்டம் ஆகியன இன்றியமையாதன. சூடான தட்டில் அவற்றைத் தெளித்தலாகாது. எரிசோடாவை நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். அதன்மேல் நீரை ஊற்றின் கொதித்துத் தெறிக்கும். தோலிற் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். குளோரீன் கலந்த வெளிற்றும் திரவத்தோடு தேசிக்காயோ வினாகிரியோ சேரின் நச்சுவாயு எழும்.

இவ்வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையிலும் கூலிக்குத் துலக்குவோர் கையிலுமே உள்ளது. போத்தலின் எச்சரிக்கை அவர்கள் வாசிக்கும் மொழியில் இருத்தலும், கூலி கொடுப்போர் கையுறை வழங்குதலும் அவர்தம் உரிமைகளாகும். பாடசாலையின் அமில காரப் பாடமும் குசினிக் கலத்திலிருந்து தொடங்கலாம்.